அயல்நாட்டுக் குழாயடி

ஆசிரியர் அவர்களுக்கு,

1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படைகள் 1989 பெப்ரவரியில் வெளியேறிய கதையை உங்கள் ஞாயிறு இதழில் வாசித்தேன். சோவியத் படைகளை எதிர்த்த ஆப்கான் கிளர்ச்சிக்காரரான முஜாஹிதீன்களின் சண்டை விரிவாக வந்திருக்கிறது, சரி. பக்கத்து நாட்டுச் சனம் பட்ட பாடு ஒரே வரியில் முடிந்துவிட்டது.

பாகிஸ்தானுக்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்தார்கள். கிளர்ச்சிக்காரருக்கென வந்த ஆயுதத்தில் ஒரு பங்கு வழியிலேயே சந்தைக்குப் போனது. கலாஷ்னிகோவ் துப்பாக்கியும் ஹெரோயின் போதைப்பொருளும் ஊர்களுக்குள் புகுந்தன. 1988 ஏப்ரல் 10இல் கிளர்ச்சிக்காரருக்கான ஆயுதங்களை வைத்திருந்த, பாகிஸ்தானின் ராவல்பிண்டி நகரத்து ஓஜ்ரி கிடங்கு வெடித்தபோது ரொக்கெட்டுகள் நகரத்துக்குள் வந்து விழுந்தன. செத்தவர்களில் வீதியால் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு.

1990இல் திருகோணமலையை விட்டு ஓடி தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்தவன் நான். குழாயடியில் எங்கள் வாளி வரிசையைக் கண்டு முகம் சுளித்த உள்ளூர் அம்மாதான், தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றதும் கஞ்சி கொண்டுவந்தார். (அவர்களுக்கும் தண்ணீர் போதவில்லை என்பது அப்புறம்தான் விளங்கியது.) ஆப்கான் அகதிகள் தங்கிய பாகிஸ்தானின் பெஷாவரிலும் இப்படிக் குழாயடிகள் இருந்திருக்கும். அடுத்த பாகத்தில் அந்தப் பக்கத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை