முடவாட்டுக்கால்: இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லிமலை, ஏற்காடு பக்கம் சூப்புக்கென்று விற்கும் முடவாட்டுக்கால் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ரோமம் அடர்ந்த கிழங்கின் படம் மட்டுமே அச்சாகிறது. அதை வைத்து இது இன்ன இனம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செதில் மூடிய தண்டு வேறு பல பெரணிகளுக்கும் உண்டு.

முடவாட்டுக்கால் ஒரு பெரணி. பூக்காது, காய்க்காது. கிழங்கு என்கிறோமே, அது பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் தண்டு. ரோமம்போல் தெரிவது மெல்லிய பழுப்புச் செதில்கள். லென்ஸில் பார்த்தால் அவற்றின் ஓரத்தில் நுண்ணிய பற்கள் தெரியும்.

இதில் இரண்டு வகை இலைகள் உண்டு. தண்டை ஒட்டிக் காம்பில்லாமல் நிற்கும் சிறிய பழுப்பு இலையைப் பலரும் காய்ந்த சருகு என்று பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது சருகல்ல. மேலிருந்து விழும் குப்பையைத் தாங்கி, மட்கவைத்து, வேருக்கு எருவும் ஈரமும் தரும் கூடை இலை. ஓக் மர இலையை ஒத்த அதன் வடிவத்தால்தான் ‘குவர்சிஃபோலியா’ என்ற இனப்பெயரே வந்தது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பாலிபோடியம் பேரினத்தில் வைத்த இது, பின்னர் டிரைனேரியா ஆனது. இப்போது சிலர் அக்லயோமார்ஃபா பேரினத்தில் சேர்க்கிறார்கள். உலர்த்திச் சேமிக்கும் மாதிரியின் சீட்டில் இரண்டு பெயரையும் எழுதிவைப்பது நல்லது.

இனத்தை முடிவு செய்வது நீண்ட காம்புள்ள பச்சை இலை. ஒரு மீட்டர் வரை வளரும் அந்த இலையில் பிளவுகள் நடுநரம்பு வரை போகாமல், சிறு பச்சை ஓரம் விட்டு நிற்கும். திருப்பிப் பார்த்தால் பக்க நரம்புகளுக்கு இடையே ஸ்போர்க் கொத்துகள் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரவ உதவும் தூள் உருவாகும் இடங்கள்) இரண்டு வரிசையாகப் புள்ளிவைத்ததுபோல் இருக்கும். அவற்றை மூடும் சவ்வு கிடையாது. வடகிழக்கு மலைகளில் வளரும் டிரைனேரியா புரோபின்குவாவில் இலையின் ஒவ்வொரு மடலின் (பிளவுகளுக்கு இடைப்பட்ட துண்டின்) நடுநரம்புக்கும் இருபுறமும் ஒரே ஒரு வரிசைதான். இந்த வேறுபாட்டைக் கிழங்கில் தேடினால் கிடைக்காது.

பழக்கமில்லாதவர்கள் செதில்பூச்சியை ஸ்போர்க் கொத்தென்று எண்ணிவிடுவதுண்டு. ஊசியால் நெம்பினால் பூச்சி முழுசாகப் பெயர்ந்து வரும், கொத்தோ தூளாக உதிரும். 10 மடங்கு லென்ஸில் கொத்து, காம்புள்ள நுண்ணிய உருண்டைகளின் கூட்டமாகத் தெரியும். முற்றிய இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓரிரு நாள் வைத்தால் தூள் படியும். முற்றாத இலையில் ஒன்றும் விழாது, கடந்துபோன இலையில் வெறும் கூடுதான் மிஞ்சும்.

மாதிரி எடுப்போர் வனத்துறை அனுமதியோடு ஒரு கூடை இலை, ஸ்போர் உள்ள ஒரு பச்சை இலை, செதிலோடு விரல் நீளத் தண்டு ஆகியவற்றை மட்டும் எடுத்தால் போதும். வளரும் நுனியை வெட்டக் கூடாது. நீண்ட இலையை மடித்து அழுத்தும்போது ஒரு மடிப்பின் அடிப்பக்கம் மேலே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அட்டையில் ஒட்டியபின் ஸ்போர்க் கொத்தைப் பார்க்கவே முடியாது. முதல் சில நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சந்தேகம் இருந்தால் கோவையில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்தின் (உலர் தாவரக் காப்பகத்தின்) மாதிரிகளோடு ஒப்பிடலாம்.

அடுத்த முறை முடவாட்டுக்கால் பற்றி எழுதும்போது, கிழங்கின் பக்கத்தில் பச்சை இலையின் அடிப்பக்கப் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர், நாமக்கல்