ஹெரால்டின் உள்பக்கத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

பெரியப்பாவின் 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அந்த இரண்டு கதவு வண்டி, உள்வேலை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. உங்களில் பலருக்குப் போனிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வண்டிக்கு யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குள் ஒருவருக்கொருவர் தெரியாது. தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல்.

வண்டியைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு கூபேயாகவும் சலூனாகவும் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோத்தி. 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் நம் சென்னையிலேயே தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் அந்தத் தொழிற்சாலை இருந்தது. முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாகத் தூக்கிவிடலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், இன்றைய சின்னக் கார்கள் பலவற்றால் அது முடியாது. அப்புறம் 1968 வாக்கில் நான்கு கதவு மார்க் 3 வந்தது. அது இங்கிலாந்தில்கூடக் கிடையாது, நம் நாட்டில் மட்டும்தான்.

எங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. காயலான் கடையில் இன்றைக்குத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அந்த நான்கு கதவு வண்டிதான். அதன் முன்கதவு நீளம் குறைவு. அதன் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகையை, கழற்றி வந்தால் எங்கள் கதவில் ஒரு முழம் மூடாமல் நிற்கும். பின்சீட்டுக்குப் பக்கவாட்டில் வரும் பலகை அந்த வண்டியில் இல்லவே இல்லை, அந்த இடத்தில்தான் பின்கதவு இருக்கிறதே! எஞ்சின் வேலைக்கு நல்ல லேத் பட்டறை ஒன்று இருந்தால் சமாளித்துவிடலாம். உள்பக்கத்துச் சாமானை அப்படிச் செய்துவிட முடியாது. பழையதை ஒருவர் பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடை பாய், உங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி வேண்டும் என்று வந்து நின்றபோது, "வாயால சொன்னா வேலைக்காகாது தம்பி, சாம்பிள் கொண்டா" என்று திருப்பி அனுப்பினீர்கள். மறுபடி வந்தபோது அச்சின் பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாடியில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, கழற்றும் முறையைச் சொல்லிக் கொடுத்தது. கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டை உள்ளே அழுத்தினால் சின்ன ஊசி ஒன்று தெரியும், அதைத் தட்டிவிட்டால் கைப்பிடி தானாகக் கையோடு வந்துவிடும். இது தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் ஊரில் பாதிக் கைப்பிடிகள் உடைந்து போயிருக்கின்றன.

கோயம்புத்தூர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவரும் இதே இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருக்கிறார். நான் கேட்டது டோர் பேடின் போட்டோ மட்டும்தான். அவர் தன் வண்டியின் டோர் பேட், பக்கப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் பின்னாலும் "டிரைவர் பக்கம்", "இந்தப் பக்கம் மேலே" என்று பென்சிலால் எழுதி, பழைய போர்வையில் சுற்றி பார்சல் லாரியில் போட்டுவிட்டார். "அச்சு எடுத்துட்டு மெதுவா அனுப்புங்க, என் வண்டி எங்கியும் போகப் போறதில்லீங்க" என்றார். முகம் பார்த்திராத ஒருவருக்கு இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? கிளிப் இறங்கும் ஓட்டை ஒவ்வொன்றையும் அந்தப் பலகைகளை வைத்துத்தான் குறித்தோம். அவை இல்லாவிட்டால் இந்த வண்டி இன்னும் வெறும் தகரக் கதவோடுதான் நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி அருகே வசிக்கும் பெரியவர் ஒருவருக்கும் இந்த மடலை மொழிபெயர்த்து அனுப்பப் போகிறேன். ஹெரால்டு என்று மட்டும் தேடாதே, விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் என்றும் தேடு என்று சொன்னவர் அவர்தான். அவையும் டிரையம்ஃப் வண்டிகள்தான். அந்த வண்டிகளுக்கும் இதற்கும் உள்பக்கச் சில்லறைச் சாமான் பல பொதுவானவை, அவற்றை அங்கே இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. சீட்டின் அடி ரப்பரையும் கதவோரத்தில் வரும் பீடிங் பட்டையையும் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அக்கா மகளுக்கு ஒரு தனி நன்றி. அவளுடைய துணிமணியில் பாதி லண்டனிலேயே தங்கிவிட்டது.

ஜி.பி. ரோடு தையல் மாஸ்டரே, உங்கள் பிடிவாதத்துக்கு நன்றி. தடிமனான ஃபோம் வைத்துத் தைக்கலாமே என்று எல்லாரும் சொன்னபோது, "பழைய உயரத்துலதான் தைப்பேன், இல்லேன்னா தலை மேல இடிக்கும்" என்று மறுத்துவிட்டீர்கள். பின்னால் ஏறுவதற்காக முன்சீட் அப்படியே முன்னால் கவிழ வேண்டிய வண்டி இது. பழைய அளவில் இருப்பதால்தான் இன்று ஒரு கையால் தள்ளினாலே சீட் கவிழ்கிறது. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு மாட்டியது என்று தெரிந்ததும் அதை இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகக் கோத்துத் துணியை இழுத்துக் கட்டினீர்கள். எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது. ரெக்சின் நிறத்துக்கும் வெளுத்துப்போன மேல்பக்கத்தைப் பார்க்காமல், வெயிலே படாத சீட்டின் அடி மடிப்பைப் பிரித்து அதிலிருந்து துண்டு வெட்டி எடுத்தீர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பெரியம்மா, "இதுதான், இதேதான்" என்றார். எங்களிடம் இருந்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். நிறத்துக்குப் பெரியம்மாவின் நினைவுதான் எங்களுக்கு ஆதாரம்.

மீட்டர் மெக்கானிக்குக்கும் நன்றி. வேறு வண்டியின் ஸ்பீடோமீட்டர் அளவில் பொருந்தினாலும் பல்சக்கரக் கணக்கு வேறு என்பதால் வேகத்தைத் தப்பாகக் காட்டும் என்று சொல்லி, பழையதையே சுத்தம் செய்து ஓட வைத்தார்.

சரி, இப்போது நம்மிடம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். டோர் பேட், பக்கப் பலகை இரண்டுக்கும் முழு அளவுத் தாள் அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். கூரைத் துணியின் வெட்டு அளவுகளை மாஸ்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருக்கும் யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தருவேன், காசு வேண்டாம். கோயம்புத்தூர் அண்ணன் தன் வண்டியை இந்த வருஷம் கையில் எடுக்கிறார். அவருக்குப் பின்கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பரும், ஓட்டுநர் சீட்டின் கீலும் தேவைப்படுகின்றன. உங்கள் பரணிலோ, தெரிந்த பட்டறையிலோ இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் ஹெரால்டு வீட்டார்