மெதுவாகப் பாடினால் குறையா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்துப் பாடகர் பீற்றர் கேப்ரியல் 2010இல் பிறருடைய பாடல்களை ட்றம்ஸும் கிற்றாரும் இல்லாமல் ஒக்கஸ்ட்ராவோடு பாடி வெளியிட்ட இசைத்தொகுப்பு பற்றித் தங்கள் ஞாயிறு வெளியீட்டில் படித்தேன். ‘ஒரே இழுவை’ என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டதாக அதில் இருந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அமெரிக்கப் பாடகர் போல் சைமனின் 1986ஆம் ஆண்டுப் பாடலொன்று அந்தத் தொகுப்பில் உண்டு. குண்டுவெடிப்பைச் சொல்லும் பாடல். மூலத்தில் அக்கோடியனும் தாளமும் ஆளை ஆட வைக்கும், சொல் பின்னுக்குப் போய்விடும். கேப்ரியல் பியானோவோடு மெல்லப் பாடும்போது அதே வரிகள் வன்னியில் இருப்பவனை உலுக்கிவிடுகின்றன.

யுத்த காலத்தில், மின்சாரம் இல்லாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் இங்கே பாட்டுக் கேட்டோம். சுற்றுகிற கை சோர்ந்தால் கசெற் இழுபடும். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை. வேகத்தில் தவறிய வரி அப்போதுதான் காதில் விழும். எமது கோயில் திருவிழாக்களில் பாடும் இசைக்குழுக்களும் மூத்த பாடகர் ஒருவரை, வயலினும் புல்லாங்குழலும் மட்டும் துணையிருக்க, ஓரிரு பழைய பாடல்களை நிதானமாகப் பாட வைக்கலாமே.

இசை ரசிகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.