மோனோ ஏன் என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்று நீ எழுதியிருந்ததை மாலதியிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டதால் ராத்திரியில் ரெக்கார்டு கேட்க நேரம் கிடைக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அதே பாட்டு, இடம் வலம் என்று ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோவில் சல்லிசாகக் கிடைக்கும்போது, எல்லாம் ஒரே ஒலியாக வரும் அறுபதுகளின் மோனோ தட்டுக்கு ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். அது அதே பாட்டு இல்லை சேகர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

1967-இல் இங்கிலாந்து இளைஞர்களிடம் பெரும்பாலும் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த ரெக்கார்டு பிளேயர். அதனால் பாட்டுக்காரர்கள் பார்த்துப் பார்த்து இழைத்தது மோனோவைத்தான். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பம் வந்த வருடம் அது. பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் மோனோ மிக்ஸிங்கில் அவர்கள் கூடவே உட்கார்ந்து கவனித்தார்கள். ஸ்டீரியோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் அப்புறம் சீக்கிரமாக முடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் உன் காதுக்கே தெரியும். 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறக்குறைய அரைக்கட்டை கூடுதல். அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும் பதற்றம் அதில் இருக்கிறது. ஸ்டீரியோவில் அதே பாட்டு சோகமாக இழுக்கும். தலைப்புப் பாட்டு கடைசிப் பாட்டுக்கு முன்னால் திரும்ப வருமே, அதன் முடிவில் பால் மெக்கார்ட்னி கத்துவது மோனோவில்தான் நன்றாகக் கேட்கும்.

இப்போது முக்கியமான செய்தி. பிங்க் ஃபிளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் எல்.பி., 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்', மோனோ, முதல் அச்சு, என் கைக்கு வந்துவிட்டது! கொலம்பியா லேபிள், எண் எஸ்.எக்ஸ். 6157. அட்டையில் பழைய சொந்தக்காரர் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார், ஓரம் கொஞ்சம் நைந்திருக்கிறது. எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. யாரோ ஒருவர் அந்த வருடமே ஆசையாக வாங்கிக் கேட்ட தட்டு அது.

இந்தத் தட்டு பதிவானது லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில், பீட்டில்ஸ் பக்கத்து அறையில் 'பெப்பர்' செய்துகொண்டிருந்த அதே மாதங்களில். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், அதற்கு முன் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்தவர். இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படி 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்', பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டீரியோவில் கடைசியில் ஒலி இடமும் வலமுமாக ஊசலாடும், கேட்க வேடிக்கையாக இருக்கும். மோனோவில் அதற்கு வழியில்லை. குழுவின் சிட் பாரெட்டின் கிதாரும் ரிக் ரைட்டின் ஆர்கனும் ஒரே திரளாக நேரே நெஞ்சில் வந்து மோதும். சைக்கெடலிக் இசை, அதாவது மயக்கக் கனவு போன்ற இந்த வகை ராக், என்றாலே சுற்றிச் சுழலும் ஸ்டீரியோ என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இது முதல் அச்சு என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, பாட்டு முடிந்தபின் லேபிள் வரை வரும் வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் மேட்ரிக்ஸ் எண், அதாவது எந்தப் பக்கம், எத்தனையாவது வெட்டு என்று காட்டும் எண். ஒன்பது மணி இடத்தில், அச்சுகளை எடுக்கப் பயன்படும் உலோகத் தாய்த்தட்டின் எண். மூன்று மணி இடத்தில் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். அதுதான் அழுத்தி அச்சடித்த உலோக அச்சின் எண். இந்தத் தட்டுகளை அச்சடித்த ஈ.எம்.ஐ. கம்பெனி ஆட்கள் 'கிராமபோன் லிமிடெட்' என்ற பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து 1 முதல் 0 வரை இலக்கமாக்கினார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. ஜி-யும் ஏ-யும் சேர்ந்திருந்தால் 13-ஆவது அச்சு. அச்சு தேயத் தேயப் புதிதாக எடுப்பார்கள், அதனால் எண் சிறிதாக இருக்க இருக்கத் தட்டு ஆரம்ப நாட்களுக்கு நெருக்கம். என் தட்டில் ஒரு பக்கம் ஒற்றை எழுத்து. அதைப் பார்த்தபோது கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

அந்த எண்களில் பெரிய கதைகளும் ஒளிந்திருக்கின்றன. 1966 ஆகஸ்டில் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' மோனோவில் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு முதலில் பதினோராவது ரீமிக்ஸை, அதாவது பதினோராவது கலவையை, போட்டார்கள். தட்டுக்கான வரிப்பள்ளம் வெட்டி முடித்தபின் ஜார்ஜ் மார்ட்டின் மனம் மாறி எட்டாவதைப் போடச் சொன்னார். அதற்குள் கொஞ்சம் தட்டுகள் அச்சாகி வெளியே போய்விட்டன. இரண்டாம் பக்கத்தில் 606-1 என்று முடியும் மேட்ரிக்ஸ் இருந்தால் அந்தப் பழைய கலவை. அட்டையை மட்டும் பார்ப்பவனுக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் அரிது என்பதற்காக எதையும் நான் வாங்குவதில்லை. பீட்டில்ஸின் 'யெல்லோ சப்மரின்' மோனோ 1969 ஜனவரியில் வந்தது. மோனோ வழக்கொழிந்துகொண்டிருந்த நேரம், அதனால் குறைவாகவே கிடைக்கிறது, விலையும் அதிகம். அதுவோ ஸ்டீரியோவின் இடது வலது ஒலிகளை அப்படியே ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. தனியாகக் கலக்கவில்லை. யாரும் உட்கார்ந்து செய்யாத மோனோவுக்கு நான் ஒரு பவுண்டு கூடக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. மோனோ தட்டை மோனோ கார்ட்ரிட்ஜில், அதாவது மோனோவுக்கென்று செய்த ஊசிமுனையில், போட்டுக் கேட்க வேண்டும். மோனோ வரிப்பள்ளத்தில் பாட்டு முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் படிக்கும், அதில் கிடைப்பது தூசியும் கீறலும்தான். மோனோ கார்ட்ரிட்ஜுக்கு மாற்றியதும் பாதி இரைச்சல் அடங்கிவிட்டது. அந்தக் காலத்துக் கனமான ஊசிகள் அரைத்த தேய்மானம் மட்டும் போகாது. பிங்க் ஃபிளாய்டு தட்டின் கடைசிப் பாட்டான 'பைக்' முடியும் இடத்தில், லேபிளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கரகரக்கிறது. இருக்கட்டும்.

ஈ.எம்.ஐ.யின் தொழிற்சாலை இருந்த மேற்கு லண்டன் ஹேய்ஸ் எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள், பெயரில் மட்டும் 'ஓல்டு வைனல் ஃபேக்டரி' என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் பழைய தமிழ் எல்.பி.க்கள் நினைவுக்கு வரும். அவற்றை அச்சடித்த கல்கத்தா டம்டம் தொழிற்சாலையும் இதே குடும்பத்துக் கம்பெனியுடையதுதானே.

பீட்டில்ஸ் தட்டுகளும் டம்டமில் அச்சாயின. அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாகக் கல்கத்தா போகிறாய் என்று எழுதியிருந்தாய். நேரம் கிடைத்தால் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய ரெக்கார்டு கடைகளில் இந்திய அச்சு 'பெப்பர்' மோனோ இருக்கிறதா என்று பார். உடனே வாங்கிவிடாதே, லேபிளையும் உள் வெற்றிடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உனக்கு வேண்டிய தமிழ்த் தட்டுகளின் பட்டியலையும் எழுது. இங்கே தமிழர்கள் வீடு மாறும்போது பழைய பெட்டிகளைக் கொடுத்துவிடுவது உண்டு, நான் தேடி வைக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
ரகு