இரண்டு நிலா வரைந்தவளுக்கு மதிப்பெண் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் சேலம் பக்கத்தில் பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டி பற்றிய செய்தியும், பரிசு வாங்கிய மூன்று படங்களும் வந்திருந்தன. மூன்றிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் தென்னை. ஒன்றில் மட்டும் தென்னையோடு ஒரு குடிசையும் இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த இரண்டு மலையில்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தப் போட்டிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அங்கே நடந்த ஒரு விஷயம் செய்தியில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் சினிமா பேனர் வரையும் வேலைக்கு எடுபிடியாகச் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. முதல் இரண்டு வருடம் துணிக்கு வெள்ளை அடிப்பதும் பிரஷ் கழுவுவதும்தான். அப்புறம் கட்டம் போட விட்டார்கள். போட்டோவில் அரை அங்குலக் கட்டம், துணியில் இரண்டடிக் கட்டம். கதாநாயகன் மூக்கு மட்டுமே என் உயரம் இருக்கும். கிட்டே நின்று பார்த்தால் வெறும் ரோஸும் நீலமும் திட்டுத்திட்டாகத் தெரியும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் அது மூக்கு. பிளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித் தருகிறேன்.

அதில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு. அப்பா லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். போட்டித் தலைப்பு 'எனக்குப் பிடித்த இடம்'. அவள் வரைந்தது செவ்வாய்க் கிரகம். (செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்துகொண்டு வேறு எதை வரைவது என்று அவளே சிரிப்பாள்.) ஓமலூர் ரோட்டில் போகும்போது தெரியுமே மேக்னசைட் சுரங்கம், அந்த வெள்ளை மேடுகளையும் படிப்படியாக வெட்டிய பள்ளத்தையும் நேரில் போய்ப் பார்த்து வரைந்து, அதற்குத் துரு நிறம் கொடுத்திருந்தாள். பள்ளத்துக்குள் ஒரு வண்டி இறங்குகிறது. வண்டிக்கு அடியில் லாரியின் ஸ்பிரிங் பட்டை, ஒவ்வொரு தகடும் எண்ணிப் பார்க்கிற மாதிரி. பாரம் ஏறிய பக்கம் பட்டை கொஞ்சம் நிமிர்ந்து படுத்திருக்கும், அதையும் விடவில்லை. முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்குகிறது. வானத்தில் இரண்டு நிலா.

நடுவராக வந்தவர் படத்தைக் கையில் எடுத்தார். "என்னம்மா இது, நிலா ரெண்டு இருக்கு?" என்றார்.

"செவ்வாய்க்கு ரெண்டு நிலா சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கார்ட்டூன் பாத்துக் கெட்டுப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பட்டையைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. நிலாவை எண்ணியதோடு சரி.

அவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? பென்சில் நிலையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது நானே, "நிலான்னா வட்டமாப் போடு கண்ணு, இது என்ன உருளைக்கிழங்கு மாதிரி?" என்று ரப்பரை நீட்டினேன். அவள் ரப்பரை வாங்கவில்லை. போபோஸ் உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கும் தாத்தா என்றாள். இன்னொரு நிலாவான டைமோஸ், செவ்வாயிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் அளவுக்குத்தான் தெரியும், அதனால் அது வெறும் புள்ளி. இரண்டையும் 1877ஆம் வருடமே கண்டுபிடித்துவிட்டார்களாம். நாற்பது வருடத்துக்கு மேல் பிரஷ் பிடித்தவனுக்கு இது தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணால் பார்த்த ஆளை வரைய போட்டோவும் கட்டமும் போதும். பார்க்காததை வரைய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

தாரமங்கலத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் கைலாசநாதர் கோயில். அங்கே வாயில் கல் உருண்டையோடு நிற்கும் சிற்பத்தைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. உருண்டை உள்ளேயே உருளும், வெளியே வராது. எல்லோரும் அந்த உருண்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் பிள்ளைகளைத் தூணில் இருக்கும் யாளியின் பின்னங்காலை வரையச் சொல்வேன். முன்னால் எழும்பி நிற்கிற மிருகத்தின் மொத்தப் பாரமும் அங்கேதான் வந்து இறங்குகிறது. தொடைச் சதை திரண்டு, நகம் கல்லில் ஊன்றியிருக்கும். அந்த மிருகத்தை எந்தச் சிற்பி எந்தக் காட்டில் பார்த்தான்? சிங்கத்துக்கு யானைத் துதிக்கை வைத்தால் கழுத்து எவ்வளவு தடிக்க வேண்டும் என்று அவனே கணக்குப் போட்டிருக்கிறான். அதைக் கார்ட்டூன் என்று யாரும் சொல்வதில்லை. கோயிலுக்குள் இருந்தால் சிற்பக்கலை, சார்ட் பேப்பரில் இருந்தால் பிள்ளை விளையாட்டு.

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். விக்கிரமாதித்தன் கையில் வாள், தோளில் வேதாளம். அதை வரைந்த சங்கர், முழுப் பெயர் கே.சி. சிவசங்கரன், 1952இல் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தவர். பேய் படம்தான், ஆனால் தோளில் கிடக்கிற பிணத்தின் கனம் நம் தோளிலும் தெரியும். நான் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை ஓட்டம் பழகினேன். அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் 2020 செப்டம்பரிலேயே, 96 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெளிநாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிராங்க் பிராசெட்டா என்று அமெரிக்க ஓவியர், 1969இல் ஒரு திகில் பத்திரிகையின் அட்டைக்காக ஒரு எகிப்திய ராணியை வரைந்தார். அட்டைப்பட ஆள் என்றுதான் அன்றைக்கு அவருக்குப் பெயர். அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து, 2019இல், அதே படம் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விலையைச் சொன்னால்தான் சிலருக்குக் காது கேட்கிறது, அதற்காகச் சொன்னேன். (அவர் படங்களில் பெண்களுக்குத் துணி கொஞ்சம்தான், என் மாடிக்கு அவை வருவதில்லை.)

எனக்குப் பிடித்தவர் வேறொருவர், செஸ்லி போன்ஸ்டெல். கட்டடப் படம் வரைந்து, அப்புறம் ஹாலிவுட்டில் சினிமாவுக்குப் பின்னணி வரைந்தவர், அதாவது கிட்டத்தட்ட எங்கள் ஜாதி. சனிக் கோளை அதன் நிலாவான டைட்டனில் நின்று பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு அவர் வரைந்த படம் 1944இல் லைஃப் பத்திரிகையில் வந்தது. நீல வானம், பனி மூடிய பாறைகள், நடுவே சனி. 2005இல் ஹைகன்ஸ் விண்கலம் டைட்டனில் இறங்கியபோது பார்த்தால் எங்கும் ஆரஞ்சுப் புகைமூட்டம். நம் பூமியின் நிலாவில் அவர் வரைந்த மலைகள் ஊசி மாதிரி நிற்கும். மனிதன் போய்ப் பார்த்தபோது அவை வழவழத்த மேடுகள். இரண்டுமே தப்பு. ஆனாலும் அங்கே ஒரு தரை இருக்கிறது, கால் வைத்து நிற்கலாம் என்று ஜனங்களுக்கு முதலில் தோன்ற வைத்ததில் அவர் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதெல்லாம் நமக்குத் தூரத்துச் சமாச்சாரமும் இல்லை. சந்திரயான்-2 இறங்கு கலத்தையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்தில் கிடைக்கிற, நிலாப் பாறை மாதிரியான அனார்த்தசைட் பாறையைத்தான் அரைத்து பெங்களூருக்கு அனுப்பினார்கள், சுமார் 50 டன். நம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல்காரர்களும் அதில் உதவினார்கள். அந்த ஊர்கள் இன்று நாமக்கல் மாவட்டம். 1997க்கு முன்னால் சேலம் மாவட்டம்தான். நம் பக்கத்துக் கல் நிலா மண்ணாகலாம் என்றால், நம் பக்கத்துச் சுரங்கம் செவ்வாயாகக் கூடாதா?

கற்பனை ஓவியம் எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. பாதிக்குமேல் குப்பை. ஒரே டிராகன், ஒரே வாள், ஒரே பாறை உச்சி. இப்போது கம்ப்யூட்டரிடம் நாலு வார்த்தை சொன்னால் அதுவே நூறு டிராகன் போட்டுத் தருகிறது, ஆனால் பாரத்துக்குப் பட்டை எப்படிப் படுக்கும் என்று பட்டறையில் குந்தி உட்கார்ந்து பார்த்த பிள்ளை அதற்குள் இல்லை. இரண்டு மலை சூரியனிலும் அதே அளவு குப்பை உண்டு. நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கக்கூட நின்று பார்க்காமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

போட்டி நடத்துகிறவர்கள் அடுத்த முறை நடுவர்களிடம் ஒரு படத்துக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்கச் சொல்லலாம். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு மலரில் அறிவியல் கதை போடுகிறீர்கள், எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. கூடவே வரும் படத்தை வரைந்தவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம். எங்கள் பேனர்களில் மூலையில் கடையின் பெயராவது எழுதுவோம்.

படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அரைச் சார்ட், வாட்டர் கலர். அவளுடைய அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் போடுவதாக இருந்தால் அனுப்பி வைக்கிறேன். கலர் பக்கத்தில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் மறுபடியும் மேக்னசைட் சுரங்கம் ஆகிவிடும்.

இப்படிக்கு,
பழைய பேனர் ஓவியன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.