செம்பு மாஸ்க்கும் ஒரு பக்கெட் தண்ணியும்

ஆசிரியருக்கு வணக்கம். செம்பு பூச்சு மாஸ்க் வைரஸை கொன்னுடும்னு உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், செம்பு கொல்லுங்கறது பொய் இல்ல, ஆனா 2020ல வந்த ஆய்வுலயே செம்பு மேல கொரோனா வைரஸ் முழுசா சாக 4 மணி நேரம் ஆச்சு, நாம இழுக்கற மூச்சு அதுவரைக்கும் க்யூல நிக்குமா? மாஸ்க் முதல்ல நல்லா வடிகட்டணும், மூஞ்சில ஒட்டி நிக்கணும், பூச்செல்லாம் அப்புறம்தான்.

நானும் ஒண்ணு 350 ரூபா குடுத்து வாங்கினேன், மூக்குகிட்ட கேப் விட்டு கண்ணாடி பூரா ஆவி, நாலாவது தடவை அலசினப்ப பக்கெட் தண்ணி பழுப்பா போச்சு (வீட்டுக்காரம்மா சிரிச்சது தனி கதை). எத்தனை வாஷ் தாங்கும், எத்தனை சதவீதம் வடிகட்டும்னு பாக்கெட் மேல ரெண்டு நம்பர் கண்டிப்பா போடணும்னு அரசு உத்தரவு போடட்டும், என்95க்கு பேர்லயே 95 இருக்குல்ல, அந்த மாதிரி.