ஆனி ஓக்லி குறி தவறியவர் அல்ல

பழைய ஹாலிவுட் படங்களைத் திரையிடும் நம் திரைப்படக் கழகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 'ஆனி கெட் யுவர் கன்' (1950) படத்துக்கு நீங்கள் கொடுத்த அறிமுகச் சீட்டில் 'அடங்காப்பிடாரியைக் காதல் அடக்கும் கதை' என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

கடைசித் துப்பாக்கிப் போட்டியில், ஆனி ஓக்லியாக நடிக்கும் பெட்டி ஹட்டன் வேண்டுமென்றே தோற்கிறார். ஜெயித்தால் மாப்பிள்ளை கைநழுவிவிடுவாராம். அரங்கமே சிரித்தது, நானும்தான். ஆனால் நிஜ ஆனி ஓக்லி, குறிதவறாத அமெரிக்கத் துப்பாக்கி வீராங்கனை; துப்பாக்கி சுடும் போட்டியில் இன்னொரு துப்பாக்கி வீரரான ஃபிராங்க் பட்லரைத் தோற்கடித்தவர். தோற்ற பட்லர் அவரையே கட்டிக்கொண்டார். துப்பாக்கி சுடும் காட்சிகளுக்குக் கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்று புரிந்ததும் முன்னிடத்தை மனைவிக்கு விட்டுவிட்டு, அவருக்கு மேலாளராக இருந்தார். 1926 நவம்பரில் ஆனி இறந்த பதினெட்டாம் நாள் பட்லரும் போய்ச் சேர்ந்தார். கையில் இப்படி ஒரு காதல் கதை இருக்க, அதைத் தலைகீழாக்கியல்லவா படம் எடுத்திருக்கிறார்கள்! உங்கள் சீட்டில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

படத்தைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே 'சில்வியா ஸ்கார்லெட்' (1935) படத்தையும் போடுங்கள். ஜார்ஜ் குக்கர் இயக்கியது. காத்தரின் ஹெப்பர்ன் முடியை வெட்டி, கால்சட்டை மாட்டி, சில்வெஸ்டர் என்ற பையனாகத் திரிவார். பையன் என்று நம்பி ஒரு பெண் அவரை முத்தமிடுவாள். 1930-இல் 'மொராக்கோ' படத்தில் நடிகை மார்லின் டீட்ரிச் ஆண் உடையில் ஒரு பெண்ணை முத்தமிட்டபோது ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் பெயரளவில்தான் இருந்தன. 1934-இல் தணிக்கைப் பொறுப்பாளர் ஜோசஃப் பிரீன் பிடியை இறுக்கிய பிறகும் குக்கர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். படம் படுதோல்வி. ஹெப்பர்னின் நடையைப் பார்ப்பதற்காகவே நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் 'கலாமிட்டி ஜேன்' (1953) என்று அறிவித்திருக்கிறீர்கள். தோல் உடுப்பில் அழுக்கும் புழுதியுமாக வரும் டோரிஸ் டே, கடைசியில் வெள்ளைக் கவுனில் மணப்பெண்ணாக நிற்பார். 'அடங்கிவிட்டாள்' என்று மறுபடியும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கவுனுக்குள் அவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது மாப்பிள்ளைதான்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்காரும் உறுப்பினர்